துவைகல்லுக்கு அடுத்த பாட்டு

சென்னியப்பன் காரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போய், டம்ளர் காபி ஆறி ஆடை கட்டுகிற நேரம் ஆகிவிட்டது, ஆளைக் காணோம். சாந்தாமணி ஜமக்காளத்தில் தனக்குப் பக்கத்தில் கைப்பையை வைத்து அவருக்கு இடம் பிடித்திருந்தாள். கல்யாண மண்டபத்தில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற புத்தி ஐம்பது வயதில் எங்கே போய்விடும். இங்கே இடத்துக்கு ஒன்றும் அடிதடி இல்லை. பீளமேட்டில் யாரோ பஞ்சு அடுக்கி வைத்திருந்த பழைய குடோன் இது. பஞ்செல்லாம் போய்விட்டது, உத்தரத்து மூலைகளில் மட்டும் வெள்ளையாக ஏதோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உள்ளே காலை வைத்ததுமே மூக்கு சொல்லிவிட்டது. மில்லில் நூல் சோதிக்கிற லேபிலேயே பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு அந்த வாசனை தெரியாதா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் டூட்டிக்கு வந்த மாதிரி ஆகிவிட்டதே என்று சிரிப்பு வந்தது, சிரிக்கவும் செய்தாள், பக்கத்தில் இருந்த சுருட்டைமுடிப் பெண் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பதிலுக்குச் சிரித்தது. நல்ல பிள்ளை. முன்னால் பலகைகளை அடுக்கி முழ உயரத்துக்கு ஒரு மேடை, அதன்மேல் பாம்புப் புற்றை உடைத்துவிட்ட மாதிரி ஒயர்கள், ஒயர்களைத் தாண்டித் தாண்டி நடக்கிற நாலு பேர். அவர்கள்தான் 'நாலாம் வாய்க்கால்' என்கிற பாட்டுக் குழு. பாடுகிறவள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கிறாள், சாப்பிடுகிறாளோ என்னவோ, இவ்வளவு பெரிய குரலை அந்த உடம்பு எங்கே வைத்திருக்கிறது. செக், செக் என்றாள் மைக்கில். இன்றைக்கு அவர்களுடைய 'ஈரத்துணி' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் வரிசை மாறாமல் பாடப்போகிறார்கள் என்று வாசலில் சாக்பீசில் எழுதிப் போட்டிருந்தது. வரிசை மாறாமல். அந்த இடத்தில் மட்டும் சாந்தாமணிக்குச் சின்னதாக ஒரு சங்கடம், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் இந்த மனுஷர் உள்ளே வரட்டும்.

வருவாரா. வராமல் காரிலேயே உட்கார்ந்துவிட்டால். இத்தனை நாளும் அப்படித்தானே. அவள் போன ஒவ்வொரு கச்சேரிக்கும் கொண்டுவந்து விட்டவர் அவர்தான், கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான், நடுவில் இருந்த நேரம் முழுக்கக் காரின் சீட்டைச் சாய்த்துப் படுத்தோ, எதிரில் இருக்கிற பேக்கரியில் நின்று டீயைக் குடித்தோ, தெரியாத ஆளோடு போர்வெல் ஆழத்தைப் பற்றிப் பேசியோ தீர்த்திருக்கிறார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் பிரச்சினையே. சுளித்திருந்தால் பிடிக்கவில்லை என்றாவது தெரிந்திருக்கும். கணபதியில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருப்பவர், நாள் முழுக்க மோட்டாரோடு பேசிவிட்டு மனுஷர்களுக்கு மிச்சம் வைக்காமல் வீட்டுக்கு வருகிறவர். வாயில் கொழுக்கட்டையா என்று மாமியாரே மகனைக் கேட்டதுண்டு. ம் என்ற ஒற்றை எழுத்தில் அவர் குடும்பமே நடத்திவிட்டார். சரி என்பதற்கு ஒரு ம், வேண்டாம் என்பதற்கு ஒரு ம், காது கேட்டது ஆனால் கவனிக்கவில்லை என்பதற்கு ஒரு ம். இன்றைக்கு மத்தியானம் இலையை மடித்து எழுந்தவரிடம் அவள் கேட்டாள், "ஏனுங் மாமா, இன்னிக்காவது உள்ள வந்து உக்காருங்களேன், நம்ம கார்ல பாடறவங்கதான் வர்றாங்க." அதற்கு ஒரு ம் வந்தது. அது எந்த ம் என்று மூன்று மணியிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். சேலை மடிப்பு வைக்கும்போது சரி என்கிற ம் மாதிரி இருந்தது. காரில் ஏறும்போது கவனிக்காத ம் மாதிரி ஆகிவிட்டது. ஆனால் அவரும் வெள்ளை வேட்டியும் புதுச் சட்டையுமாக வந்தார், சென்ட் கூடப் போட்டிருந்தார், பேக்கரியில் டீ குடிக்க யாராவது சென்ட் போடுவார்களா. ஒருவேளை வேறு ஏதாவது வீட்டு விசேஷம் என்று நினைத்துவிட்டாரோ. ஐயோ, கேட்காமல் விட்டுவிட்டோமே.

இதெல்லாம் ஒரு மழையில் ஆரம்பித்தது. அப்படிச் சொன்னால் ஏதோ காதல் கதை மாதிரி இருக்கும், உண்மையில் செருப்பு அறுந்துபோன கதை. ஆர்.எஸ்.புரத்தில் துணி எடுக்கப் போனவள், மழை பிடித்துக்கொண்டது, செருப்பு வார் அறுந்துவிட்டது, ஒற்றைக்காலில் தத்தித் தத்தி ஒரு புத்தகக் கடை மாடிப்படியில் ஒதுங்கினாள். மேலே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் ஒரு பெண், ஒரு கிட்டார், தரையில் கொஞ்சம் பேர். பாட்டு சிலிண்டரைப் பற்றி. கேஸ் சிலிண்டர். பாதிச் சாம்பாரில் அடுப்பு அணைந்து போவதும், சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பதும், படுக்கப் போட்டு உருட்டிப் பார்ப்பதும், அப்புறம் ஒரு அஞ்சு நிமிஷம் நீல நெருப்பு எட்டிப் பார்ப்பதும். அவ்வளவுதான் பாட்டு. சாந்தாமணி நனைந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சிலிண்டரை உருட்டாத கை தமிழ்நாட்டில் எந்தக் கை, அதைப் பாட்டில் வைக்கலாம் என்று இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லையே என்கிற ஆத்திரமோ என்னவோ. சாமிக்குப் பாட்டு இருக்கிறது, கதாநாயகனுக்கு இருக்கிறது, செத்தவர்களுக்கு ஒப்பாரி இருக்கிறது, நடுவில் இவ்வளவு பெரிய நாள் கிடக்கிறதே, காலையில் எழுந்து ராத்திரி படுக்கிற வரைக்கும், அதற்கு ஒன்றுமே கிடையாது என்றல்லவா நினைத்திருந்தாள். அந்தப் பெண்ணிடம் போய் நல்லா இருந்துச்சு கண்ணு என்று சொன்னதும், அது ஈரத் தலையோடு நின்ற இவளைக் கட்டிக்கொண்டுவிட்டது. அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கிற மகள் பிரதீபா போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள், ஹெட்போன் வாங்கி அனுப்பினாள். ஒரு பாட்டைப் பிடித்தால் இன்னொன்று அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. தூத்துக்குடியில் ஒரு பையன் தன் அறைக்குள்ளேயே உட்கார்ந்து பதிவு செய்த ஆல்பம், நடுவில் அவன் வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம்கூடக் கேட்கும். குன்னூரில் அக்காள் தங்கை இருவர், ஒருத்தி பாடும்போது இன்னொருத்தி பொறாமைப்படுவது பாட்டிலேயே தெரியும். கத்திக் கத்தியே தொண்டையைக் கிழித்துக்கொள்கிற ஒரு கூட்டம், அதையும் கடைசிவரைக்கும் கேட்டாள், இலையில் விழுந்ததை மிச்சம் வைத்து அவளுக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை சாயங்காலம் காய் நறுக்கும்போது ஒரு புது ஆல்பம், முதலிலிருந்து முடிவுவரை, நடுவில் தாண்டுவது கிடையாது. அவரைக்காய்க்கு ஒன்று சரியாக வரும். கீரை ஆய்வதாக இருந்தால் இரண்டு.

ஆனால் யாரிடம் சொல்வது. அதுதான் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. லேபில் ஸ்டெல்லா இருக்கிறாள், நூல் கண்டைச் சுற்றிக்கொண்டே காதில் ஒரு பக்க ஹெட்போனை வாங்கிக் கேட்பாள், கேட்டுவிட்டு, "ஏக்கா, இது எந்தப் படம்?" என்பாள். படம் இல்லை என்றால் முகம் விழுந்துவிடும், மாப்பிள்ளை வேலைக்குப் போகவில்லை என்று சொன்ன மாதிரி. நாத்தனாரும் அதையேதான் கேட்டாள். எதிர்வீட்டு ஆசிரியரும் அதையே. எந்தப் படம், எந்தப் படம். படத்தில் வராத பாட்டு என்றால் தாலி கட்டாத சம்சாரம் மாதிரி எல்லோரும் ஒரு தினுசாகப் பார்க்கிறார்கள். ஒரே ஒருவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சென்னியப்பன். பொங்கலிலிருந்து இந்த ஆவணி வரைக்கும் தினம் காலையில் காரில் அவர் காதில் 'ஈரத்துணி' விழுந்துகொண்டிருக்கிறது, ஒரு நாள்கூட எந்தப் படம் என்று கேட்கவில்லை. அதை எப்படி எடுத்துக்கொள்வது. கேட்கத் தேவையில்லாத அளவுக்குப் புரிந்துவிட்டதா, இல்லை கேட்கத் தோன்றாத அளவுக்குக் காதிலேயே விழவில்லையா. செவிடன் காதில் ஊதின சங்கா. சில நாள் ராட்டினம் மாதிரி இந்த ஒரே கேள்வி சுற்றும், பாட்டைக் கேட்க விடாது, பாட்டு ஓட ஓட அவர் முகத்தையே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு வருவாள், அவரோ முன்னால் போகிற டவுன்பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு வருவார். நேராகக் கேட்டுவிடலாம். மாமா, பாட்டுப் புடிச்சிருக்குதுங்களா. கேட்டால் ம் என்பார். அந்த ம்மை வைத்துக்கொண்டு என்ன செய்வது. கேட்காமல் வந்தால்தான் அது அவருடையது. கேட்டு வாங்கின பதில் கடன் வாங்கின நகை மாதிரி, போட்டுக்கொள்ளலாம், ஆனால் ராத்திரி கழற்றி வைக்கும்போது யாருடையது என்று தெரிந்துவிடும்.

அந்தக் கார் இருக்கிறதே, அது தனி உலகம். பிரதீபா படிப்பு முடிந்து போனதும் காரில் பேச்சு நின்றுபோயிற்று. பின்சீட்டில் இருந்துகொண்டு அவள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அவள் போன பிறகுதான் தெரிந்தது. வடவள்ளி வீட்டிலிருந்து கணபதி வரைக்கும், அதற்கு மேல் சத்தி ரோட்டில் மில் வரைக்கும், வண்டிச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தால் பேச்சாவது இருக்கும். அதனால்தான் பொங்கலுக்கு வந்த மகளிடம் சொல்லி 'ஈரத்துணி'யை ஒரு பென்டிரைவில் ஏற்றி வாங்கினாள். பழைய கார், பழைய செட்டு, பட்டன் பாதி வேலை செய்யாது, வண்டியை எடுத்ததும் தானாக முதலிலிருந்து பாடும், தினமும் அதே வரிசைதான், அதன் இஷ்டம். முதல் வாரத்திலேயே ஒரு கூத்து. 'துவைகல்' என்று ஒரு பாட்டு, தொடக்கத்தில் வாத்தியம் எதுவும் கிடையாது, கல்லில் துணியை அடித்துத் துவைக்கிற சத்தம் மட்டும்தான், டொப், டொப், டொப். சென்னியப்பன் சட்டென்று வண்டியை ஓரம் கட்டினார். "எஞ்சின்ல எதோ அடிக்குது கண்ணு" என்று இறங்கிப் பானட்டைத் தூக்கினார். பாட்டு என்று இவள் சொல்வதற்குள் தலையை உள்ளே விட்டுவிட்டார். ஸ்கூட்டரில் போன ஒருவர் நின்று உதவட்டுமா என்று கேட்டார். பெல்டைத் தட்டினார், எதையோ முறுக்கினார், அதற்குள் உள்ளே நாலாம் வாய்க்கால் பெண் பாட ஆரம்பித்துவிட்டாள். அவர் தலையை வெளியே எடுத்துப் பானட்டுக்குப் பக்கவாட்டில் எட்டி இவளைப் பார்த்தார், செட்டைப் பார்த்தார், பானட்டை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார். மில் வரைக்கும் இவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வந்தாள். மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்கிற காது அது, அந்தக் காதையே ஒரு பாட்டு ஏமாற்றிவிட்டதே என்று இப்போது நினைத்தாலும் வயிறு குலுங்குகிறது. அதற்கப்புறம் துவைகல் வந்தால் அவர் அசைவதே இல்லை. கேட்டுப் பழகிவிட்டதா, வெறுத்துவிட்டாரா, அதுவும் தெரியாது.

துவைகல் முடிந்தால் 'மதியத் தூக்கம்' வரும். காரில் அப்படித்தான் வரும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்து மரங்கள் ரெண்டு பக்கமும் வந்து ரோட்டின் மேல் நிழலைப் போடுகிற இடத்தில் துணி அடிக்கிற சத்தம் ஓய்ந்து, ஒரு மூச்சு விடுகிற இடைவெளி, அப்புறம் அந்தப் பெண் வாயைத் திறக்காமல் முனகுவாள், சோறு உண்ட பிறகு தரையில் தலை சாய்த்தவள் முனகுகிற மாதிரி. 'சன்னல் சாத்தாதே, காக்கா வந்து எழுப்பட்டும்' என்று தொடங்கும். காரில் ஏறி அந்த மரங்களுக்கு வருகிற நேரமும் பாட்டு அங்கே வந்து சேருகிற நேரமும் எப்படியோ பொருந்திவிட்டது. அந்த இடத்தில் சென்னியப்பனும் கைப்பிடியைச் சுற்றித் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்குவார், மரக்காற்று வரட்டும் என்று. காற்றும் பாட்டும் ஒன்றாக உள்ளே வரும். உலகத்தில் இதைவிடச் சரியான வரிசை ஒன்று இருக்க முடியாது என்று சாந்தாமணி நம்பிக்கொண்டிருந்தாள். சித்திரையில் ஒரு நாள் லேபில் அதே ஆல்பத்தை முதல்தடவையாகப் போனில் கேட்டபோது துவைகல் முடிந்ததும் மதியத் தூக்கம் வரவில்லை, 'பஸ் நிக்காத ஊர்' வந்தது. படி இருக்கிறது என்று கால் வைத்த இடத்தில் படி இல்லாத மாதிரி திக்கென்றது. மதியத் தூக்கம் கடைசிப் பாட்டாம். அதுதான் பாடினவர்கள் வைத்த வரிசை. பென்டிரைவில் ஏற்றும்போதோ, காரின் செட்டிலோ, எங்கேயோ எல்லாம் கலைந்துபோய் இவர்களுக்கு மட்டும் ஒரு தனி 'ஈரத்துணி' உண்டாகியிருக்கிறது. முதலில் பாடினவர்கள் மேல்தான் கோபம் வந்தது, எங்கே எதை வைப்பது என்று தெரியவில்லையே இவர்களுக்கு என்று. அப்புறம் வெட்கம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, அவர் கேட்டால்தானே வரிசை.

அதனால்தான் வாசலில் 'வரிசை மாறாமல்' என்று பார்த்ததும் அந்தச் சங்கடம். இந்தக் குடோனில் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோருக்கும் அடுத்து எது என்று தெரியும், தனக்கு மட்டும் துவைகல்லுக்கு அப்புறம் கால் இடறும், இடறியதைப் பக்கத்தில் யாரிடமும் சொல்லவும் முடியாது, ஊமை கண்ட கனவு. வேறு மொழிக்காரி மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள், மேற்குச் சன்னலிலிருந்து மட்டும் வெயில் பட்டையாக உள்ளே விழுந்து தூசியைக் காட்டியது. வரமாட்டார். வரமாட்டார் என்றுதான் தோன்றுகிறது. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சுருட்டைமுடிப் பெண்ணை நகர்ந்து உட்காரச் சொல்லலாமா என்று கை போனது, போன கை நின்றது. வாசலில் வெள்ளை வேட்டி. வாசலில் இருந்த பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்து மசி முத்திரை குத்தினாள், உள்ளே வருகிற எல்லோருக்கும் குத்துகிறார்கள், இவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எழுத்துக்கூட்டிப் பார்க்கிறார். செருப்பை எங்கே விடுவது என்று தேடுகிறார், யாரும் விடவில்லை என்று தெரிந்தும் சுவரோரம் கழற்றி ஜோடியாக வைக்கிறார். அப்புறம் கால்களை மிதிக்காமல், கொஞ்சம் வழி விடுங் தம்பி, கொஞ்சம் தள்ளிக்கங் சாமி என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்து, கைப்பை இருந்த இடத்தில் பந்தியில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சாந்தாமணிக்கு அப்போதே பாதிக் கச்சேரி கேட்டுவிட்ட நிறைவு.

"எங்கீங் இவ்வளவு நேரம்?" என்றாள் மெதுவாக.

"வேப்பமரத்தடில நெழலு கெடைக்கட்டும்னு சுத்துனன்" என்றார். மணிக்கட்டை நீட்டினார். "ஓட்டுப் போட்டாப்பல மை வெச்சு உட்டுட்டாங்க."

"யாருக்குப் போட்டீங்க?"

"ம்" என்றார். அது சிரிப்பு ம். அப்படி ஒன்றும் இருக்கிறது, மறந்தே போயிருந்தாள்.

முதல் பாட்டு 'சாவி'. காரில் அது கடைசிக்கு முந்தி வரும், மில் வாசலில் இறங்குகிற அவசரத்தில் எப்போதும் பாதிதான் கேட்டிருக்கிறாள், பின்பாதியில் இவ்வளவு அழகாக ஒரு குழல் வருகிறது என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. நேரில் கேட்பது வேறு. தாளம் முதலில் ஜமக்காளத்துக்கு வந்து, அங்கிருந்து தொடைக்கு ஏறி, அப்புறம்தான் காதுக்குப் போகிறது. டிரம் அடிக்கிற பையன் நாக்கைக் கடித்துக்கொண்டு அடிக்கிறான், கணக்குப் போடுகிற பிள்ளை மாதிரி. பாடுகிறவள் ஒரு வரியை மறந்து சிரித்தாள், கூட்டமே அதை எடுத்துக்கொடுத்தது, சாந்தாமணியும் எடுத்துக்கொடுத்தாள், தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டாள். இந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோமே, யாராவது பார்த்துவிட்டால் என்ன, பார்க்கட்டும். ஆனால் ஓரக்கண் அந்தப் பக்கமே போகிறது. சென்னியப்பன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கை முழங்காலில். தலை ஆடவில்லை, விரல் தட்டவில்லை. இரண்டாவது பாட்டில் அவர் குனிந்து இவள் காதருகே வந்தார், இதோ சொல்லப்போகிறார் என்று இவள் காதைக் கொடுத்தாள், "அந்த எடது பக்க ஸ்பீக்கர்ல எர்த் சரியில்ல, கொர்னு எரையுது" என்றார். அவ்வளவுதான். சரிங் என்றாள். ஏமாற்றம்தான், இல்லை என்று சொல்ல முடியாது, சின்னக் குழந்தை கையில் இருந்து முறுக்கைப் பிடுங்கின மாதிரி ஓர் ஏமாற்றம். காதெல்லாம் எர்த்தில் இருக்கிறது. வந்து உட்கார்ந்தாரே, அது போதாதா, மனுஷிக்கு ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா. போதும் என்று சொல்லிக்கொண்டாள். போதும்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும், வெளியே போய் நிற்கிறேன் என்பார், சரிங் என்று சொல்ல வேண்டும், முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் அவர் முழங்கால் அசைகிறதா என்று பார்த்தாள். அசைந்தது, ஆனால் எழவில்லை. ஒரு காலை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

டொப் என்றது. டிரம் பையன் எழுந்து, நிஜமாகவே ஓர் ஈரத் துண்டை முறுக்கிப் பலகையில் அடித்தான். டொப், டொப். தண்ணீர் முன்வரிசைமேல் தெறித்தது, சிரிப்பு எழுந்தது. சாந்தாமணி அவரைப் பார்த்தாள், அவரும் இவளைப் பார்த்தார், சரியாக அதே நேரத்தில், பானட்டுக்குப் பின்னாலிருந்து தலையை எடுத்துப் பார்த்தாரே அதே பார்வை. இவள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். பாட்டு நடந்தது. துவைக்கிறவள் யாருடைய சட்டை எது என்று அழுக்கை வைத்தே சொல்கிற பாட்டு அது, எத்தனை தரம் கேட்டாலும் இவளுக்குத் தன் கையே ஞாபகம் வரும், சோப்பில் ஊறிச் சுருங்கிய விரல் நுனி. கடைசி அடி விழுந்தது. அந்த மூச்சு விடுகிற இடைவெளி வந்தது. இப்போது இடறும் என்று தெரிந்தே சாந்தாமணி காலை வைக்கப் போனாள், பஸ் நிக்காத ஊர், பஸ் நிக்காத ஊர் என்று மனசுக்குள் சொல்லித் தன்னைத் தயார்செய்துகொண்டாள், எல்லோருக்கும் அதுதான், நமக்கும் அதுதான். அந்த இடைவெளியில் பக்கத்தில் ஒரு முனகல் கேட்டது. வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே, கரகரவென்று, சுதி என்று சொல்ல முடியாத ஒரு சுதியில். மதியத் தூக்கத்தின் முதல் முனகல். சென்னியப்பன் முன்னால் பார்த்துக்கொண்டே முனகினார், வலது கை முழங்காலை விட்டு எழுந்து கண்ணாடி இறக்குகிற பக்கம் பாதிவரைக்கும் போயிருந்தது. மேடையில் கிட்டார் பஸ் நிக்காத ஊரைத் தொடங்கியது. முனகல் நின்றது. கையும் நின்றது. அவர் புருவத்தைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தார், ஓடுகிற மோட்டாரில் வேறு சத்தம் கேட்ட மாதிரி, அப்புறம் இவள் பக்கம் சாய்ந்தார்.

"ஏங் கண்ணு, இப்ப அந்த மரத்துக்கிட்ட வர்ற பாட்டுத்தான வரோணும்?"

சாந்தாமணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"மாத்திப் பாடறாங்க" என்றார் அவர், குறையாக.

சொல்லிவிடலாம். மாற்றவில்லை மாமா, இதுதான் சரியான வரிசை, நம் காரில்தான் கலைந்துபோயிற்று, சித்திரையிலிருந்தே எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாம். மரத்துக்கிட்ட வர்ற பாட்டு. பெயர் கூடத் தெரியாது அவருக்கு, பெயர் வைத்திருக்கிறார். அப்படியானால் அந்தக் கண்ணாடி காற்றுக்காக இறங்கவில்லை. பொங்கலிலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும், டவுன்பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஒரு பாட்டு விடாமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார், கேட்டு அந்த ரோடு முழுக்க ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வோர் இடத்தில் நட்டும் வைத்திருக்கிறார், இவளோ ஓரக்கண்ணால் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாதிப் பாட்டைக் கோட்டைவிட்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது, இரண்டும் ஒன்றாக வந்தால் மூக்குத்தான் ஒழுகும், முந்தானை அதற்கும் உதவியது. சுருட்டைமுடிப் பெண் திரும்பிப் பார்த்தது. இத்தனை பேர் இருக்கிற குடோனில் அந்த இடத்தில் கால் இடறியவர்கள் ரெண்டே பேர். அது போதும் என்று இந்தத் தடவை சொல்லிக்கொள்ளவே தேவைப்படவில்லை.

"ஆமாங் மாமா" என்றாள். "மாத்தித்தான் பாடறாங்க."

மற்ற பாட்டுகளை அவள் காது கேட்டதா என்று கேட்டால் கேட்டது, ஆனால் அவர் பக்கத்துக் காது கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. 'சிவானந்தா காலனி பாலத்துப் பாட்டு' ஒன்று வந்தது, 'கணபதி சிக்னல் பாட்டு' ஒன்று வந்தது, அவர் ஒவ்வொன்றுக்கும் இடத்தைச் சொன்னார், தெரு அடையாளம் சொல்கிற மாதிரி. கடைசியில், வெயில் பட்டை சுவரேறிப் போன பிறகு, மதியத் தூக்கம் வந்தது. "கொண்டுபோயி கடைசில வெச்சிருக்காங்க பாரு" என்று முணுமுணுத்தவர், அப்புறம் பாட்டு முடிகிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தலை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக ஆடியது. விளக்குப் போட்டார்கள். எல்லோரும் கை தட்டி ஓய்ந்து எழுந்தார்கள். சென்னியப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வேட்டியை உதறினார், செருப்பு இருந்த பக்கம் போகாமல் மேடைப் பக்கம் திரும்பினார்.

"எங்கீங் போறீங்க?"

"அந்தப் புள்ளகிட்டச் சொல்லிப்போட்டு வந்தர்றன். தொவக்கிற பாட்டுக்கு அப்பறம் அதத்தான் வெக்கோணும். இல்லீன்னா நல்லால்ல."

தப்பான அபிப்பிராயம்தான். ஆனால் அவருடைய வாயிலிருந்து, யாரும் கேட்காமல் வந்த அபிப்பிராயம். ஒட்டடைக்குச்சி மாதிரி இருந்த அந்தப் பெண் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள், வெள்ளை வேட்டி அவளுக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டி ஏதோ விளக்க ஆரம்பித்தது, காற்றில் கண்ணாடி இறக்கிக் காட்டியது. சாந்தாமணி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவருக்கு ஒத்தாசையாக நாமும் ரெண்டு வார்த்தை சொல்லலாம் என்று எழுந்து போனாள்.